வட்டார வானொலிக்குப் படியளப்பவர் யார்?

ஒரு பேட்டையின் குடிக்கூடம், தான் விற்கும் பீரில் குவளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதே ஊரில் இயங்கும் பொது வானொலி நிலையங்களுக்கு அளிப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டில் புதிய காரியம் அன்று. ஆனால் 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை, பொது ஒலிபரப்புக்கென இரண்டாண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு, அந்தச் சாதாரண வழக்கத்துக்கு அசாதாரணமான முக்கியத்துவம் ஏற்பட்டிருக்கிறது. 1967-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகப் பிறந்து, 1,500-க்கு மேற்பட்ட உள்ளூர் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பொருளுதவி செய்துவந்த பொது ஒலிபரப்புக் கழகம், 2025 ஆகஸ்டு முதல் தேதியன்று தன் காரியங்களை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பெருநகரங்களின் நிலையங்களுக்கு இது நஷ்டம். மலைப் பிரதேசங்களில் சில ஆயிரம் ஜனங்களுக்காக மட்டும் பேசிக்கொண்டிருக்கும் சிறு நிலையங்களுக்கோ இது பிராணாபத்து. சர்க்காரின் கை பின்வாங்கிய இடத்தில் அண்டை அயலாரின் கை நீள வேண்டியதாயிற்று என்பதும், நீண்ட கைகளில் பேட்டைக் குடிக்கூடக்காரரின் கையும் ஒன்று என்பதும் நாம் சற்று நின்று யோசிக்கத்தக்க விஷயங்கள்.

ஏனெனில் வட்டார வானொலிக்குப் படியளப்பவர் யார் என்ற கேள்வி நம்முடையதுமாகும். பெங்களூரின் ஸ்ரீராம்புரம், ஒரு காலத்தில் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து ஆலைச் சங்கின் ஓசைக்கு உறங்கிய பேட்டை. பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் என்ற பெயர்களைச் சுற்றித் தங்கள் ஜீவனத்தை அமைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கும், ஒகளிபுரத்திலும், பிரகாஷ் நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஆலைகள் போய்விட்டன; ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி ஸ்கொயர் வணிக வளாகம் எழுந்திருக்கிறது; 2014 மார்ச்சு மாதம் முதல் மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. வீட்டிலே தமிழ், வீதியிலும் கச்சேரியிலும் கன்னடம், பக்கத்துச் சந்தில் தெலுங்கும் உருதும் என்று நான்கு பாஷைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடமாடும் இத்தகைய பேட்டைக்கு, மாநகரம் முழுவதையும் ஒரே சந்தையாகக் கருதிப் பேசும் தனியார் பண்பலைகள் சொல்வதற்கு அதிகம் இல்லை. எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தப் பள்ளியில் சேர்க்கை முடியப் போகிறது, வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு என்ன காப்பீடு உண்டு, ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவருக்கு வரவேண்டிய பணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பவற்றை அவரவர் பேச்சிலேயே சொல்வதற்கு ஒரு சிறிய நிலையம் வேண்டும். அப்படி ஒன்று ஏற்பட்டால் அதற்கு மாதாமாதம் படியளப்பவர் யார் என்பதே என் கேள்வி.

வானொலியின் சரித்திரத்தை நம் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு பழமையானது என்பது விளங்கும். தென்னாட்டில் ஒலிபரப்பு என்ற காரியத்தைத் தொடங்கியது சர்க்கார் அன்று, சில உற்சாகிகள். ஸி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி 40 வாட் சக்தியுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பை ஆரம்பித்தது. சங்கீதமும் பிரசங்கமும் கேட்டு ஜனங்கள் வியந்தார்கள். ஆனால் வியப்புக்கு விலை கொடுக்கும் ஏற்பாடு ஒன்றும் இல்லாதபடியால் கழகம் பணமுடையில் சிக்கி, 1927 அக்டோபரில் ஓய்ந்து போயிற்று. அதன் கருவி சென்னை நகரசபைக்குத் தானமாக வந்தது. நகரசபையோ அதை மூலையில் கிடத்திவிடவில்லை. 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பை ஏற்று நடத்தி, மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து, வானொலிப் பெட்டி வாங்க வகையில்லாதவர்களும் கேட்கும்படி செய்தது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரையில் அந்தத் தொண்டு நடந்தது. தெருவிளக்கையும் குடிநீரையும் போலவே சங்கீதத்தையும் தன் நகரவாசிகளுக்கு அளிக்க வேண்டிய பொருளாக ஒரு நகரசபை கருதியது என்பதை நினைக்கும்போது, அந்தச் சபையினரிடத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

அதே காலத்தில் பெரிய முதலீட்டோடு புறப்பட்டவர்களின் கதி வேறுவிதமாக இருந்தது. 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, வருஷத்துக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தன் வருமானமாக நம்பியிருந்தது. ஏறக்குறைய மூன்று வருஷங்கள் ஆகியும் எட்டாயிரம் உரிமங்கள்கூடச் சேராதபடியால் 1930 மார்ச்சில் அது திவாலாகி, அதன் நிலையங்கள் சர்க்காரிடம் போய்ச் சேர்ந்தன. பத்து ரூபாய் என்பது அந்நாளில் ஒரு கூலிக்காரரின் பல நாள் சம்பளம். கொடுக்க மாட்டார்கள் என்பதைவிடக் கொடுக்க முடியாது என்பதே சரி. ஆனாலும் கேட்பவர் கொடுக்க வேண்டும் என்ற நியதி மட்டும் நெடுநாள் நிலைத்திருந்தது. எண்பதுகளில் அது ரத்தாகும் வரையில் தபாலாபீஸில் வரிசையில் நின்று வானொலி உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

மைசூரின் அனுபவமோ இவ்விரண்டிலும் விசேஷமானது. மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் எம். வி. கோபாலஸ்வாமி, 1935 செப்டம்பர் 10-ஆம் தேதி, ‘விட்டல் விஹார்’ என்ற தம் வீட்டிலேயே 30 வாட் கருவி ஒன்றை நிறுவி ஒலிபரப்பத் தொடங்கினார். லாபத்துக்கு வழியில்லாத அந்தக் காரியத்தைத் தம் கைப்பொருளைக் கொண்டும் பிறரின் உதவியைக் கொண்டும் அவர் சில வருஷங்கள் தாங்கினார். பின்னர் சமஸ்தானம் அதை ஏற்றுக்கொண்டது. 1955-ல் நிலையம் பெங்களூருக்கு வந்தது. இன்று தேசமெங்கும் வழங்கும் ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அந்த மைசூர் வீட்டிலிருந்து புறப்பட்டதாகும். மேதையும் தியாகமும் ஒருங்கே வாய்ந்த ஒரு மனிதர் தொடங்கியதைச் சமஸ்தானம் காப்பாற்றியது என்பது சந்தோஷமான செய்தி. ஆனால் தனியொருவரின் தியாகம் தீர்ந்தவுடன் அரசாங்கத்தின் மடியைத் தவிர வேறு கதி இல்லாமற்போனதே நம் நாட்டு வானொலியின் பொதுவிதியாகவும் ஆகிவிட்டது.

அந்த விதியை முதலில் அசைத்தது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. கிரிக்கெட் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை பற்றிய வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்றும், சர்க்காரோ வேறு எவரோ அவற்றின்மேல் ஏகபோகம் கொண்டாடலாகாது என்றும் விதித்தது. அதற்கு மறு வருஷமே பெங்களூரில் கூடிய ஒலிபரப்பு ஆர்வலர்கள், சமூகங்களுக்கே வானொலி வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். ஆனால் தீர்ப்புக்கும் அனுமதிக்கும் இடையே வருஷங்கள் ஓடின. கோலார் ஜில்லாவின் பூதிக்கோட்டைக் கிராமத்தில் 2003-ல் ‘நம்ம த்வனி’ தொடங்கப்பட்டபோது, அலைவழியாகப் பேசச் சட்டம் இடம் கொடாமையால், கிராமத்தார் கம்பி வழியாக வீடு வீடாகத் தங்கள் குரலைக் கொண்டுபோனார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டாவது பேசியே தீருவோம் என்று நின்ற அந்த ஜனங்களின் உறுதியைப் பற்றி நம் தமிழ்ப் பத்திரிகைகளில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் குறை. அது நம்முடைய கோலார் தங்கவயலுக்கு அருகிலேயே நடந்தது.

முதலில் கல்வி ஸ்தாபனங்களுக்கு மட்டுமே வழி திறந்தது. அதன்படி 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எப்.எம். பிறந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிட்டியது. தெலுங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில் தாழ்த்தப்பட்ட விவசாயப் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008-லும், பாம்பன் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 2016-லும் தோன்றின. நம் பெங்களூரிலோ 2007-ல் ஜெயின் கல்விக் குழுமத்தின் ஆதரவில் ரேடியோ ஆக்டிவ் 90.4 தோன்றி, குப்பை பொறுக்குவோர், திருநங்கையர் முதலிய, மற்ற ஒலிபரப்புகள் ஏறெடுத்தும் பாராத ஜனங்களை ஒலிவாங்கியின் முன் உட்கார வைத்தது. இன்று நாடு முழுவதும் சுமார் ஐந்நூறு சமுதாய வானொலிகள் நடக்கின்றன.

இந்நிலையங்களுக்குச் சட்டம் விதித்திருக்கும் எல்லைகளைக் கவனித்தால், அவை பேட்டைக்கென்றே படைக்கப்பட்டவை என்பது புலனாகும். அலைச்சக்தி பெரும்பாலும் 100 வாட்டுக்குள். எனவே குரல் பத்துக் கிலோமீட்டர் தூரத்தைத் தாண்டி அதிகம் போகாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது அவ்வட்டார ஜனங்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும். வட்டார பாஷையும் கொச்சையும் விரும்பத்தக்கன. தன் சொந்தச் செய்தியை ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆனால் தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து, பரீட்சை, வானிலை பற்றிய அறிவிப்புகளைச் செய்யலாம். மூன்று வருஷமாவது பதிவாகியிருக்கும் தொண்டு ஸ்தாபனம் விண்ணப்பிக்கலாம். நான்கு பாஷை பேசும் ஸ்ரீராம்புரத்துக்கு இவ்விதிகளில் ஒன்றும் இடையூறு இல்லை.

இடையூறு முழுவதும் பணத்தில் இருக்கிறது. நிலையம் தொடங்குவதற்குக் கருவியும் கோபுரமும் ஒருமுறைச் செலவு. அதற்கு மானியமோ தர்மவான் ஒருவரோ கிடைத்துவிடக்கூடும். அதற்குப் பின் வரும் மின்சாரக் கட்டணமும், வாடகையும், பழுதுபார்க்கும் செலவும், அன்றாடம் வந்து உட்கார்ந்து பேசும் நாலைந்து இளைஞர்களின் சம்பளமும் ஒருபோதும் நிற்பதில்லை. விளம்பரங்களால் இச்செலவைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது சர்க்காரின் யோசனை. 2024 பிப்ரவரியில் வெளியான புதிய விதிகளின்படி, மணிக்கு 7 நிமிஷமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிஷமாகவும், பத்து விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த விகிதம் 74 ரூபாயாகவும் உயர்ந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு விநாடிகூட வீணாகாமல் 12 நிமிஷமும் அந்த விகிதத்தில் விற்றாலும் ஒரு மணிக்குக் கிடைப்பது 5,328 ரூபாய். அப்படி விற்கும் பாக்கியம் எளிதில் வாய்ப்பதன்று. அந்த 74 ரூபாய் என்பது அரசு விளம்பரங்களுக்கு வழங்கப்படும் விகிதம் என்பதையும், அரசு விளம்பரம் எப்போது வரும், வந்ததற்குப் பணம் எப்போது வரும் என்பவை நிலையத்தாரின் கையில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவ்வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் இளைஞர் ஒருவரை வேலைக்கு அமர்த்துவது எவ்வளவு அஞ்சத்தக்க காரியம் என்பது தெரியும்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எந்த நிலையம் தன் வருமானத்தின் பெரும்பகுதியை ஒரே கையிலிருந்து பெறுகிறதோ, அந்த நிலையம் அந்தக் கையின் முகக்குறிப்பைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கை சர்க்காருடையதாக இருந்தாலும் சரி, பெருமுதலாளியுடையதாக இருந்தாலும் சரி, தயாளகுணமுள்ள கல்விச்சாலையுடையதாக இருந்தாலும் சரி. தண்ணீர் வராத தெருவைப் பற்றிப் பேசும் பெண்மணியின் குரலை யாரும் வந்து தடை செய்ய வேண்டியதில்லை. தடை செய்வார்களோ என்ற அச்சமே நிலையத்தாரின் மனத்தில் முன்கூட்டி உட்கார்ந்து அக்குரலைக் கத்தரித்துவிடும். ஆகவே சிறு வானொலிக்கு வேண்டியது அதிகப் பணம் என்பதைவிட, பல கைகளிலிருந்து வரும் பணம் என்று சொல்வேன்.

இந்த உண்மையை முதலில் பரீட்சித்துப் பார்த்தவர்களில் லூயிஸ் ஹில் என்ற அமெரிக்கர் ஒருவர். யுத்தத்தை மறுத்த சமாதானவாதியான அவர், 1949 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் கே.பி.எப்.ஏ. என்ற நிலையத்தைத் திறந்தபோது, விளம்பரத்தையும் சர்க்கார் பணத்தையும் நாடாமல், கேட்பவர்கள் தாமே சந்தா செலுத்தித் தாங்கும் வானொலி என்ற கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மறு வருஷமே பணமின்றி நிலையம் மௌனமாயிற்று. ஆனால் சென்னைக் கழகத்துக்கு 1927-ல் வாய்க்காத ஒன்று பெர்க்லிக்கு வாய்த்தது: கேட்டுப் பழகிய ஜனங்கள் கூடிப் பணம் சேர்த்து, 1951-ல் அதை மீண்டும் பேச வைத்தார்கள். அமெரிக்கப் பொது வானொலிகள் இன்று வருஷந்தோறும் நேயர்களிடம் நேரடியாகக் கையேந்தும் வழக்கத்துக்கும், பேட்டைக் குடிக்கூடம் தன் பீர் வருமானத்தில் பங்கு ஒதுக்கும் வழக்கத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நிலையம் தன்னுடைய அயல்வீடு என்று ஒரு வியாபாரி எண்ணுகிறார்; அயல்வீட்டுக்குக் கஷ்டம் வந்தால் தன் தொழில் எதுவோ அதைக் கொண்டு உதவ முன்வருகிறார். இந்த மனோபாவம் மிகவும் உயர்ந்தது. அதை நான் முழுமனத்தோடு போற்றுகிறேன்.

எனினும் அதை அப்படியே ஸ்ரீராம்புரத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்வேன். பெங்களூர் பீருக்குப் பேர்போன நகரம். யுனைட்டெட் புரூவரீஸின் தலைமையகம் இங்கே. எண்பதுகளின் இறுதியிலிருந்து பப்புகளின் நகரம் என்றே நாடு இதை அழைத்துவருகிறது. 2010-க்குப் பிறகு இந்திரா நகர் முதலிய இடங்களில் பீரைத் தாமே வடித்து விற்கும் விடுதிகளும் பெருகியிருக்கின்றன. அங்கே மாலைப்பொழுதில் நண்பர்களோடு ஒரு குவளை அருந்துபவரின் பையிலிருந்து ஐந்து ரூபாய் வானொலிக்குப் போனால் அவர் வீட்டில் அடுப்பு அணையாது. ஸ்ரீராம்புரத்தில் குடியின் சரித்திரம் வேறு. ஆலை மூடியபின் வேலையிழந்தவர்கள் பாக்கெட் சாராயத்தில் தங்கள் நாட்களைத் தொலைத்ததையும், 2007 ஜூலையில் கர்நாடக சர்க்கார் சாராயத்தைத் தடைசெய்த பின் அதே கால்கள் அதைவிட விலை கூடிய சரக்கு விற்கும் ஒயின் கடைகளை நோக்கி நடந்ததையும், கூலிநாளன்று கணவனுக்கு முன்னதாகப் போய் நிற்க வேண்டிய மனைவியரின் அவஸ்தையையும் இப்பேட்டைக்காரர்களுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குவளை கூடினால் நிதி கூடும் என்ற ஏற்பாட்டில், குடிப்பவருக்கு இன்னொரு குவளை குடிப்பதற்குத் தர்மமே காரணமாகக் காட்டப்படுகிறது. எந்தப் பெண்களின் குரலுக்காக நிலையம் ஏற்படுகிறதோ அந்தப் பெண்களின் கண்ணீரிலிருந்து அதன் மின்கட்டணம் செலுத்தப்படுவதை நான் ஏற்க மாட்டேன்.

இவ்விஷயத்தில் நம் நாட்டில் முன்னமே ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கிறது. இரட்டை ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்னும் மாகாணங்களின் கல்விச் செலவு, கள்-சாராய வருமானத்தைப் பெரிதும் சார்ந்திருந்தது. குடியை ஒழித்தால் பள்ளிக்கூடங்களை எப்படி நடத்துவது என்று நல்லவர்களே கேட்டார்கள். குடிகாரனின் காசில் குழந்தைகளைப் படிக்கவைப்பது அவமானம் என்பது காந்தியடிகளின் உறுதியான கொள்கை. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, ஆப்காரி வரி மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்காக இருந்தது. இழப்பை ஈடுசெய்ய அவர் 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஒருவர் குடித்துக் கொடுத்துவந்ததை எல்லாரும் கடையில் கொடுக்கும்படி செய்தார். மதுவிலக்கு நிலைத்ததா இல்லையா என்பது வேறு கதை. விற்பனை வரி நிலைத்துவிட்டது. நான் மதுவிலக்குக்கு இங்கே வாதாடவில்லை. இன்று கர்நாடக சர்க்காருக்கு மது மூலம் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை வியாபாரமும் செய்கிறது. அப்பணம் சாலையிலும் பள்ளியிலும் கலந்துதான் இருக்கிறது. ஆயினும் பொதுக்கருவூலத்தில் கலந்து பெயரிழந்து வரும் காசுக்கும், குடிப்பதையே கொடையாக மாற்றும் காசுக்கும் பேதம் உண்டு; அந்தப் பேதத்தைப் பார்க்கத் தெரிந்தவரே சிறு ஸ்தாபனத்தை நடத்தத் தகுந்தவர்.

சட்டமும் இங்கே நமக்குத் துணைநிற்கிறது. சமுதாய வானொலிகள் அகில இந்திய வானொலியின் விளம்பர விதிகளுக்குக் கட்டுப்பட்டவையாகையால், மது விளம்பரத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்க நிலையம் தனக்கு உதவிய குடிக்கூடத்துக்கு நன்றி சொல்வதுபோல நம் நிலையம் சொல்ல முடியாது. சொல்ல முடியாத நன்றியை எதிர்பார்த்துக் கொடுப்பவரும் அரியர். சமுதாய வானொலிக்கான விதிகளோ, உள்ளூர் நிகழ்ச்சிகள், உள்ளூர் வியாபாரம், தொழில், வேலைவாய்ப்பு பற்றிய விளம்பரங்களை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. விதியை எழுதியவர்களின் எண்ணத்தில் டில்லியின் விளம்பரம் மட்டுமன்றி மளிகைக் கடைக்காரரும் இருந்திருக்கிறார் என்பது இதனால் தெரிகிறது.

குடிக்கூடக்காரர் வகிக்கும் ஸ்தானத்தை இங்கே வகிக்க வேண்டியவர்கள் மளிகைக் கடைக்காரர், இட்லிக் கடைக்காரர், தையற்காரர், பூக்காரம்மாள், மருந்துக்கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர் ஆகியோர். இவர்களுக்குக் கொடுக்கும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளையார் சதுர்த்திக்கும், ஆடி மாத அம்மன் கூழுக்கும், நவம்பரில் ராஜ்யோத்ஸவத்துக்கும் தெரு இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வரும்போது, வியாபாரம் மந்தமாக இருந்தாலும் இல்லையென்னாமல் ஏதேனும் எழுதிக்கொடுக்கும் ஜனங்கள் இவர்கள். தமிழ்ப் பண்டிகைக்குக் கன்னடக் கடைக்காரரும், ராஜ்யோத்ஸவத்துக்குத் தமிழ்க் கடைக்காரரும் கொடுப்பதை இங்கே யாரும் விசேஷமாகக் கருதுவதில்லை. நான்கு பாஷையிலும் பேச வேண்டிய நிலையத்துக்கு அந்த ஒருமையே மூலதனம். ஐந்நூறு கடைகள் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஐம்பதாயிரம் ரூபாய். அத்தொகையைக் கொண்டு ஒரு சிறிய நிலையத்தின் முழுச் செலவும் நடக்காது. ஆனால் இரண்டு இளைஞர்களின் சம்பளத்துக்குச் சற்றேறக்குறைய வழி பிறக்கும். அந்த இரண்டு பேரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் பேசலாம்.

ஆயினும் இதைக் கொடையாளரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமன்று. வானலை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் சொல்லிய பின், அதைப் பொதுஜனங்கள் உபயோகிப்பதற்கு வகைசெய்வதும் பொதுக்கடமையேயாகும். மாநகர நிர்வாகம் ஒரு பேட்டை நூலகத்துக்கும் பூங்காவுக்கும் செய்யும் செலவில் சிறு பகுதியையாவது, சென்னை நகரசபை 1930-ல் செய்ததை நினைத்து, இத்தகைய நிலையங்களுக்கு ஒதுக்கலாம்; நிலையம் வைத்துக்கொள்ள ஓர் அறை கொடுப்பதே பெரிய உபகாரம். மத்திய சர்க்கார் தான் கொடுக்கும் விளம்பரங்களுக்கு இத்தனை நாளுக்குள் பணம் கொடுப்பதென்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நிகழ்ந்தது, சர்க்கார் பணம் ஒரே வாக்கெடுப்பில் மறைந்துவிடக்கூடும் என்பதைக் காட்டுகிறது. அதற்காகச் சர்க்கார் பணமே வேண்டாம் என்பதும் தவறு. கடைக்காரரின் நூறு ரூபாயும், நேயரின் பத்து ரூபாயும், மாநகரத்தின் அறையும், டில்லியின் விளம்பரமும் சேர்ந்து, அவற்றில் எதுவும் நின்றால் மற்றவை தாங்கும்படியாக இருக்க வேண்டும்.

இத்தகைய முயற்சியை ஸ்ரீராம்புரத்தில் தொடங்குபவர்களுக்கு மூன்று யோசனைகளைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். ஒரே கடையோ ஒரே குடும்பமோ ஆண்டு வருமானத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க அனுமதிக்கக்கூடாது. மிகுதியாகக் கொடுக்க வருபவரை வணங்கி, அவருடைய அண்டை அயலார் பத்துப் பேரை அழைத்துவரச் சொல்ல வேண்டும். கொடுத்தவர்களின் பெயரை ஒலிபரப்பில் வாசிக்கும்போது தொகையைச் சொல்லலாகாது. பூக்காரம்மாளின் பத்து ரூபாயும் பாத்திரக் கடையின் ஐந்நூறும் அகரவரிசையில் அடுத்தடுத்து வரட்டும். மூன்றாவதாக, வருஷத்துக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கு முழுவதையும், மின்கட்டணம் முதல் சம்பளம் வரையில், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் அந்த வானொலியிலேயே படிக்க வேண்டும். படித்து முடித்தவுடன் ஒரு மணி நேரம் தொலைபேசியைத் திறந்து வைத்து, அதைப் பற்றிக் கேள்வி கேட்க விரும்புபவர்கள் எல்லாரும் கேட்பதற்கு வழிசெய்ய வேண்டும்.